கோடோவைப் பாதியில் மூடி வைத்தவர்களுக்கு

விளாடிமிர், எஸ்ட்ரகன் என்ற இருவர் ஒரு மரத்தருகே கோடோ என்பவருக்காகக் காத்திருக்கும் நாடகம் சாமுவேல் பெக்கெட்டின் 'வெயிட்டிங் ஃபார் கோடோ'. அதைப் பாதியில் மூடி வைத்தவர்கள் பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றில்தான் மூடியிருப்பார்கள். பூட்ஸ், தொப்பி, காரட் என்று முதல் பத்துப் பக்கம் ஓடியதும் சிலர். போட்ஸோ என்ற ஆள் வந்து வாயை மூடாமல் பேசும்போது சிலர். அவன் கயிற்றில் கட்டி ஓட்டிவரும் அடிமை லக்கியின் முற்றுப்புள்ளி இல்லாத உரையில் பலர். இரண்டாம் அங்கத்தைத் திறந்து, "மறுபடியும் முதலிலிருந்தா?" என்று கேட்டவர்கள் மீதிப் பேர். நான்கும் வெவ்வேறு கோளாறுகள், வைத்தியமும் வெவ்வேறு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: எரிச்சலில் பாதிதான் தீரும். அந்தப் பாதி நாம் படிக்கும் விதத்தால் வருவது. மீதியை ஆசிரியர் வேண்டுமென்றே உள்ளே வைத்திருக்கிறார். அதைப் பிடுங்கினால் நாடகமே கையோடு வந்துவிடும்.

முதலில் பிரதி. பெக்கெட் இதைப் பிரெஞ்சில்தான் எழுதினார். 1948 அக்டோபரில் தொடங்கி 1949 ஜனவரி இறுதியில் முடித்தார். புத்தகம் 1952இல் வந்தது. 1953 ஜனவரி 5 அன்று பாரிஸின் தெயாத்ர் த பாபிலோனில், ரோஜே ப்ளான் இயக்கத்தில் மேடையேறியது. ஆங்கிலத்தில் ஆக்கியவரும் பெக்கெட்டேதான் என்பதால் ஆங்கிலப் பிரதியைப் படிப்பவர் இரண்டாம் கைச் சரக்கைப் படிக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்குகிறவர்கள் மட்டும் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஃபேபர் நிறுவனம் 1956இல் போட்ட பதிப்பில் லண்டன் நாடகத் தணிக்கைக்காகச் சில வரிகள் வெட்டவும் மாற்றவும் பட்டன. முழுப் பிரதியை அதே நிறுவனம் 1965இல் கொண்டுவந்தது. முதல் அங்கத்தில் தூக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று இருவரும் பேசும் இடத்தில், அதனால் உடம்பில் என்ன நடக்கும் என்ற கொச்சையான நகைச்சுவை இருந்தால் அது முழுப் பிரதி. அந்த இடம் மொட்டையாக நின்றால் உங்கள் கையில் இருப்பது வெட்டுப்பட்டது.

முன்னுரை, கைடு, 'இருத்தலியல் என்றால் என்ன' கட்டுரை ஆகிய மூன்றையும் படித்து முடிக்கும்வரை தள்ளி வையுங்கள். எம்.ஏ. ஆங்கிலம் படிப்பவர்களுக்கு இது கஷ்டம்தான், தேர்வு நெருங்கியிருக்கும். ஆனாலும் "வாழ்க்கை அர்த்தமற்றது என்பதே மையக்கருத்து" என்று மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே போகிறவருக்கு 90 பக்கமும் அந்த ஒரே வாக்கியத்துக்கு உதாரணமாகத்தான் தெரியும். பிறகு சலிக்காமல் என்ன செய்யும்?

முதல் பத்துப் பக்கச் சலிப்புக்குக் காரணம் வேகம். கண்ணால் படித்தால் இந்த நாடகம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். மேடையில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். அந்த வித்தியாசம் வசனத்தில் இல்லை, வசனங்களுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் கிடக்கும் இடைவெளி, மௌனம் என்ற இரண்டு குறிப்புகளில் இருக்கிறது. நாவல் படித்துப் பழகிய கண் அவற்றைத் தாண்டிக் குதித்துவிடும். குதித்தால் மிஞ்சுவது சம்பந்தமில்லாத துண்டுப் பேச்சு.

ஆகவே வாய்விட்டுப் படியுங்கள். இடைவெளி என்று வந்தால் மனதுக்குள் இரண்டு எண்ணுங்கள், மௌனம் என்று வந்தால் ஆறு. இந்தக் கணக்கு பெக்கெட் கொடுத்ததல்ல, வீட்டில் படிக்கப் போதுமான அளவு. ஆறு எண்ணுவது முதலில் அசட்டுத்தனமாக இருக்கும். நாலாவது மௌனத்திலேயே யாராவது ஏதாவது பேசித் தொலைத்தால் தேவலை என்று தோன்ற ஆரம்பிக்கும். மேடையில் இருக்கும் இரண்டு பேருக்கும் அதே தவிப்புதான், அதனால்தான் அவர்கள் காரட்டைப் பற்றியாவது பேசுகிறார்கள்.

மூன்று பேர் இருந்தால் வேலை சுலபம். ஒருவர் விளாடிமிர், ஒருவர் எஸ்ட்ரகன், ஒருவர் போட்ஸோ. இரண்டு அங்கங்களிலும் கடைசியில் வரும் பையனைப் போட்ஸோ படிப்பவரே படிக்கலாம், இருவரும் ஒரே நேரத்தில் மேடையில் இருப்பதில்லை. லக்கிக்கு நாடகம் முழுக்க ஒரே ஒரு பேச்சுதான். அந்த நேரத்தில் எஸ்ட்ரகனுக்கு வசனம் இல்லாததால், எஸ்ட்ரகன் படிப்பவர் அதை எடுத்துக்கொள்ளலாம். தனியாகப் படிக்கிறவர் விளாடிமிரை நின்றுகொண்டும் எஸ்ட்ரகனை உட்கார்ந்துகொண்டும் படியுங்கள். இது சும்மா சொன்ன உபாயம் அல்ல. 1975இல் பெர்லினின் ஷில்லர் அரங்குக்காகத் தானே இயக்கியபோது, எஸ்ட்ரகன் கல்லோடு சேர்ந்தவன், விளாடிமிர் மரத்தோடு சேர்ந்தவன் என்றுதான் பெக்கெட் பிரித்தார். ஒருவனுக்குக் காலும் பூட்ஸும் பசியும் தூக்கமும். மற்றவனுக்குத் தொப்பியும் ஞாபகமும் வேதாகமச் சந்தேகங்களும். ஒருவனுக்குக் கால் நாற்றம், மற்றவனுக்கு வாய் நாற்றம் என்று நாடகமே சொல்கிறது. உட்கார்ந்து எழுந்து படித்தால் யார் எது பேசினார்கள் என்ற குழப்பம் அரை மணி நேரத்தில் போய்விடும். பெயர்க் குழப்பமும் இங்கேயே தீரட்டும்: எஸ்ட்ரகன் என்ற பெயரை மேடையில் யாரும் உச்சரிப்பதே இல்லை. ஒருவரையொருவர் கோகோ (எஸ்ட்ரகன்), டிடி (விளாடிமிர்) என்றே கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு மட்டும் வாய்த்த வசதி ஒன்று உண்டு. ஆங்கில வரியைப் பார்த்துக்கொண்டே உங்கள் வீட்டுப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அடிக்கடி திரும்ப வரும் அந்த உரையாடல் இப்படி விழும்:

"போலாம் வா."
"முடியாதுடா."
"ஏன்?"
"கோடோவுக்காகக் காத்துக்கிட்டு இருக்கோம்ல."
"அட, ஆமா."

அந்தக் கடைசி "அட, ஆமா"வில் சிரிப்பு வரவில்லை என்றால் இன்னும் மெதுவாகச் சொல்லுங்கள். போட்ஸோ வந்ததும் இன்னொரு விஷயம் தானாக நடக்கும். அவனை நீ என்பதா, நீங்கள் என்பதா என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். பிரெஞ்சு மூலத்தில் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு. நண்பர்கள் இருவரும் பெரும்பாலும் ஒருமையில் பேசிக்கொள்கிறார்கள், போட்ஸோவிடம் மரியாதைப் பன்மைக்கு மாறுகிறார்கள். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே சொல்லாகித் தட்டையாகிவிட்டது, தமிழில் திரும்பக் கிடைக்கிறது. "ஐயா, அந்த எலும்பு உங்களுக்கு வேணுங்களா?" என்று எஸ்ட்ரகன் கேட்பதாகச் சொல்லிப் பாருங்கள். போட்ஸோ தின்று எறிந்த கோழி எலும்பு அது. கயிற்றில் கட்டிய அடிமையின் கழுத்துப் புண்ணை உற்றுப் பார்த்த அதே ஆட்கள், இரண்டு பக்கத்துக்குள் எங்கே வந்து நிற்கிறார்கள் என்பது அந்த "ங்க"விலேயே தெரிந்துவிடும்.

போட்ஸோவின் பேச்சு சலிக்கிறது என்றால் அவன் சொல்வதை விட்டுவிட்டு அவன் தொலைப்பதை மட்டும் கவனியுங்கள். கேப் அண்ட் பீட்டர்சன் பைப் காணாமல் போகிறது. தொண்டைக்கு அடித்துக்கொள்ளும் தெளிப்பான் காணாமல் போகிறது. பிறகு பாக்கெட் கடிகாரம்: மூன்று பேரும் அவன் வயிற்றில் காது வைத்துத் தேடுகிறார்கள், கேட்பது இதயத் துடிப்பு. அடுத்த அங்கத்தில் பார்வையே போய்விட்டது. வரிசையாகப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தால், உளறலாகத் தெரிந்த பகுதிக்குள் ஒரு படிக்கட்டு இருப்பது தெரியும். அது மேலே போகும் படிக்கட்டு அல்ல.

இனி லக்கியின் உரை. ஆங்கிலத்தில் சுமார் 700 சொற்கள், நிறுத்தற்குறி இல்லை. புரிந்துகொண்டு படிக்க வேண்டும் என்று உட்காருவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு. புரியவே புரியாது என்று மொத்தமாகத் தாண்டுவது இரண்டாவது தவறு. நடுவழி இருக்கிறது, அதைக் காட்டியவர் பெக்கெட்தான். பெர்லின் ஒத்திகையில் அவர் இந்த உரையை மூன்றாகப் பிரித்தார்: அக்கறை இல்லாத வானம், சுருங்கிக்கொண்டே போகும் மனிதன், கற்களின் இருப்பிடமான பூமி. உங்கள் பிரதியிலும் இரண்டு கோடுகள் போடுங்கள். வெண்தாடிக் கடவுள் வரும் தொடக்கம் முதல் பகுதி. உணவும் கழிவும் முன்னேறியும் மனிதன் இளைத்துப் போகிறான் என்று தொடங்கி டென்னிஸ், கால்பந்து, நீச்சல் என்று விளையாட்டுப் பட்டியல் ஓடுவது இரண்டாவது. கற்கள், குளிர், மண்டையோடு, கன்னமாரா (அயர்லாந்தின் ஒரு பகுதி) என்று உடைந்து சிதறுவது மூன்றாவது. அறிஞர் ஒருவர் மேற்கோள்களோடு ஆற்றும் கருத்தரங்க உரையின் எலும்புக்கூடு இது. 'காரணம் தெரியவில்லை', 'முடிக்கப்படாத' என்ற இரண்டும் திரும்பத் திரும்ப வந்து தட்டும், அவற்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

லக்கி பேசும்போது மற்ற மூவரும் என்ன செய்கிறார்கள் என்பதற்கும் நான்கு கட்டக் குறிப்பு பிரதியிலேயே இருக்கிறது. முதலில் நண்பர்கள் இருவரும் கவனமாகக் கேட்கிறார்கள், போட்ஸோ அருவருத்துச் சோர்கிறான். பிறகு இருவரும் முணுமுணுக்கிறார்கள். மறுபடி கவனிக்கிறார்கள். கடைசியில் கூச்சல், கைகலப்பு. தொப்பியைப் பிடுங்கினால்தான் பேச்சு நிற்கிறது. அதாவது இந்த உரையைக் கேட்டு எரிச்சலடைய வேண்டும் என்பது மேடைக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. உங்களுக்குக் கோபம் வந்தது என்றால் சரியாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே மூச்சில், ஐந்து நிமிடத்துக்குள், தடுக்கி விழுந்தாலும் நிற்காமல் படித்துவிடுங்கள். மறக்காமல் அந்த வெண்தாடியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

முதல் அங்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடுங்கள். பலரும் ஒரே மூச்சில் இரண்டையும் முடித்துவிட நினைப்பதால்தான் இரண்டாம் அங்கம் வெறும் நகலாகத் தெரிகிறது. இரண்டாம் அங்கத்தின் தொடக்கக் குறிப்பு என்ன சொல்கிறது? அடுத்த நாள், அதே நேரம், அதே இடம். அப்படியே செய்யுங்கள்: மறுநாள் அதே நேரத்துக்கு அதே நாற்காலியில் உட்காருங்கள். தொடங்குமுன், முந்தைய பக்கங்களைப் புரட்டாமல், ஒரு தாளில் இவற்றுக்கு விடை எழுதுங்கள்: மரத்தில் இலை இருந்ததா? எஸ்ட்ரகனின் பூட்ஸ் எங்கே கிடக்கிறது? லக்கி சுமந்தது என்னென்ன? கயிறு எவ்வளவு நீளம்? வந்த பையன் மேய்ப்பது வெள்ளாடா, செம்மறியா? கோடோ அடிப்பது அவனையா, அவன் அண்ணன் தம்பியையா?

இரண்டிலாவது தடுமாறுவீர்கள். நேற்று நடந்ததை நிரூபிக்க முடியாமல் விளாடிமிர் தவிப்பதும், எஸ்ட்ரகன் "எனக்கு ஞாபகம் இல்லை" என்று கையை விரிப்பதும்தான் இரண்டாம் அங்கத்தின் கதை. தடுமாறியவருக்கே அது உறைக்கும்.

பிறகு படிக்கும்போது மாற்றங்களைத் தாளில் எதிரெதிரே குறியுங்கள். மொட்டை மரத்தில் நாலைந்து இலை. கழற்ற முடியாமல் இறுக்கிய பூட்ஸ் இன்று பொருந்துகிறது, நிறமே வேறு, இது என்னுடையது அல்ல என்கிறான். நேற்று காரட் கிடைத்தது, இன்று டர்னிப்பும் கறுப்பு முள்ளங்கியும்தான். நேற்று லக்கி மேடையின் பாதிக்கு வந்த பிறகே போட்ஸோ கண்ணில் படும் அளவுக்கு நீளமாக இருந்த கயிறு, இன்று குட்டையாகிவிட்டது. குருடனான எஜமான் பின்தொடர வசதியாக இருக்க வேண்டும் அல்லவா? யார் யாரை இழுக்கிறார்கள் என்பதையும் அந்தக் கயிறே மாற்றிவிடுகிறது. லக்கி ஊமை. பெட்டிக்குள் என்ன என்று கேட்டால் மணல் என்று பதில். பையன் நேற்று வந்தது தான் இல்லை என்கிறான். கோடோவுக்குத் தாடி உண்டா என்று விளாடிமிர் கேட்க, அது வெள்ளை என்கிறான். நேற்றுப் போட்ட வட்டத்தைத் திரும்பிப் பாருங்கள். லக்கி உளறிய கடவுளுக்கும் அதே தாடி.

இங்கேதான் பழைய கேள்வி எட்டிப் பார்க்கும்: அப்படியானால் கோடோ கடவுளா? ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு மேலே போங்கள். நாடகத்தை அமெரிக்காவில் இயக்கிய ஆலன் ஷ்னைடர் பெக்கெட்டிடமே கேட்டபோது, தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருப்பேன் என்றுதான் பதில் வந்தது. இன்னொன்று: பிரெஞ்சில் கடவுளுக்குச் சொல் 'தியூ'. ஆங்கிலக் காதுக்கு 'காட்', 'கோடோ' என்று பளிச்சென்று கேட்கும் ஒலி ஒற்றுமை மூலத்தில் அவ்வளவு பளிச்சென்று இல்லை. கடவுள் என்று நிரப்பினால் பையன் வரும் காட்சிகள் அழகாகப் பொருந்தும், பூட்ஸும் முள்ளங்கியும் வெளியே தொங்கும். முதலாளி என்று நிரப்பினால் போட்ஸோ பொருந்துவான், இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட இரண்டு திருடர் பற்றிய பேச்சு தொங்கும். எதைப் போட்டாலும் ஏதோ ஒன்று மிஞ்சும்படித்தான் தைத்திருக்கிறார். உரையாடலில் 'கோடோவுக்காக' என்ற வரி வரும் ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கு முந்தைய இரண்டு வரிகளில் என்ன இருந்தது என்று பார்ப்பது அதைவிடப் பலன் தரும். கிளம்பிவிடலாம் என்ற எண்ணம் எழும் இடங்களில்தான் அந்தப் பெயர் வந்து உட்காருகிறது.

ஆசிரியரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளலாமா? ஒரு சிட்டிகை போதும். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பாரிஸில் எதிர்ப்புக் குழு ஒன்றில் வேலை செய்தவர், குழு காட்டிக்கொடுக்கப்பட்டதும் 1942இல் துணைவி சுசானுடன் தப்பித் தெற்கே வோக்லூஸ் பகுதியின் ரூசியோன் கிராமத்துக்குப் போனார். போர் முடியக் காத்துக்கொண்டே அங்கே பண்ணை வேலை செய்தார். அவர் வேலை செய்த திராட்சைத் தோட்டக்காரர் பொனெல்லியின் பெயரும் ஊரும் பிரெஞ்சுப் பிரதியில் அப்படியே இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஊர் மாறிவிட்டது, ஆளின் பெயர் விளாடிமிருக்கு ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. பள்ளத்தில் தூக்கம், இரவில் அடி, கிழங்கு உணவு, வருமா வராதா என்ற தகவல் எல்லாம் அந்தரத்தில் பிறந்தவை அல்ல என்று தெரிந்துகொள்ள இது உதவும். அதற்கு மேல் இழுத்தால் நாடகம் போர்க்கால நினைவுக்குறிப்பாகிவிடும்.

இரண்டாம் அங்கத்தில் தவறவே கூடாத விளையாட்டு ஒன்று உண்டு. லக்கி விட்டுப்போன தொப்பியை விளாடிமிர் கண்டெடுத்ததும் மூன்று தொப்பிகளும் இருவர் தலைகளுக்கும் இடையே சுற்றத் தொடங்கும். அச்சில் அந்தப் பத்தி கணக்குப் பாடம்போல இருக்கும், யாருக்கும் பொறுமை இருக்காது. மூன்று தொப்பி எடுங்கள். வேறு வேறு நிறமாக இருந்தால் நல்லது. ஒருவர் குறிப்பை வாசிக்க இருவர் செய்து பாருங்கள். சரியாகச் செய்திருந்தால் கடைசியில் விளாடிமிரின் சொந்தத் தொப்பி தரையில், அவன் தலையில் லக்கியின் தொப்பி. தப்பாகிவிட்டால் எங்கோ ஒரு கைமாற்றத்தை விட்டிருக்கிறீர்கள். ஊமைப்பட நகைச்சுவையிலிருந்து வந்த வித்தை இது. முடிந்ததும் "நான் லக்கியாக நடிக்கிறேன், நீ போட்ஸோ" என்று விளாடிமிர் ஆரம்பிப்பது ஏன் என்று தலையில் இருக்கும் தொப்பியே சொல்லிவிடும். அடுத்து வரும் வசைப் போட்டியையும் முழுக் குரலில் படியுங்கள். ஆங்கிலப் பிரதியில் எதிராளியைச் சாய்க்கும் கடைசி வசவு 'விமர்சகனே!' என்பது.

இந்த நாடகத்தோடு மல்லுக்கட்டியவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. 1956 ஜனவரியில் மயாமியில் இதை 'இரண்டு கண்டங்களின் சிரிப்பு வெடி' என்று விளம்பரம் செய்தார்கள். விடுமுறைக்கு வந்த கூட்டம் இடைவேளையில் எழுந்து போனது. 1957 நவம்பரில் சான் குவென்டின் சிறையில் சுமார் 1400 கைதிகள் முன்னால் நடந்தபோது, அவர்கள் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். கைதிகளுக்குத் தத்துவம் தெரியும் என்பதல்ல. யாரும் அவர்களிடம் சிரிப்பு வெடி என்று சொல்லி அனுப்பவில்லை. காத்திருப்பது என்றால் என்ன என்பதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மைக்கேல் லிண்ட்சே-ஹாக் 2001இல் எடுத்த பதிவு நல்லது, ஆனால் முதல் அங்கத்தை வாய்விட்டுப் படித்த பிறகு. முன்னதாகப் பார்த்தால் அந்த நடிகர்களின் குரல்தான் காதில் ஓடும், உங்கள் மௌனத்தை நீங்கள் எண்ணவே மாட்டீர்கள்.

கடைசிப் பக்கம். தூக்குப் போட எஸ்ட்ரகன் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கிறான், கால்சட்டை விழுகிறது. இழுத்துப் பார்த்தால் கயிறு அறுந்துவிடுகிறது. கால்சட்டை கணுக்கால்வரை முழுசாக விழ வேண்டும், பாதியில் நிற்கக் கூடாது என்று முதல் மேடையேற்றம் முடிந்த நான்காம் நாளே ப்ளானுக்குக் கடிதம் எழுதினார் பெக்கெட். அந்த அளவுக்கு அவருக்கு முக்கியம். எனவே அதை மனதில் நிறுத்தியபடியே கடைசி இரண்டு வரிகளைப் படியுங்கள். முதல் அங்கத்தில் "சரி, போகலாமா?" என்று கேட்டவன் எஸ்ட்ரகன், இப்போது கேட்பவன் விளாடிமிர். "ஆமாம், போகலாம்" என்ற பதிலும் வாய் மாறிவிட்டது. அவர்கள் நகரவில்லை என்ற குறிப்பைச் சத்தமாகப் படிக்காதீர்கள். பத்து எண்ணுங்கள், பிறகு புத்தகத்தை மூடுங்கள்.

இவ்வளவு செய்தும் பிடிக்கவில்லை என்றால் தப்பே இல்லை. கதை வேண்டும் என்பவர் அயனெஸ்கோவின் 'ரைனோசெரஸ்' பக்கம் போகலாம். ஊரே ஒவ்வொருவராகக் காண்டாமிருகமாகிக்கொண்டிருக்கும், அடுத்து என்ன என்ற ஆவல் கடைசிவரை குறையாது. பெக்கெட்டையே இன்னொரு தடவை பார்க்கலாம் என்பவருக்கு 'கிராப்ஸ் லாஸ்ட் டேப்': ஒரே அங்கம், ஒரே ஆள். தன் பழைய குரலைத் தானே கேட்கும் கிழவன், ஒரு டேப் ரெக்கார்டர், இரண்டு வாழைப்பழம். ஒரு மணி நேரம்கூட ஆகாது.